ஆடுகிறதா, இறுகுகிறதா: மடக்குக் கத்தியின் அச்சாணியைப் பராமரிப்பது எப்படி

கத்தியை முழுக்க விரித்து, பிடியை ஒரு கையில் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். மறுகையின் இரண்டு விரல்களால் அலகின் முதுகை, நுனியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, முதலில் இடவலமாக அசையுங்கள். பிறகு மேலும் கீழுமாக அசையுங்கள். இடவலமாக ஆடினால் ஒரு கோளாறு, மேல்கீழாக ஆடினால் வேறு கோளாறு. பாதி மடக்கிய நிலையில் அலகு நறநறவென்று நகர்ந்தால் அது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே வைத்தியமாக ஸ்க்ரூவை முறுக்குவது, அல்லது ரிவிட்டின் தலையில் சுத்தியால் ஒரு போடு போடுவது என்று போய்த்தான் பெரும்பாலான நல்ல கத்திகள் கெடுகின்றன.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சந்தூர், போச்சம்பள்ளி பக்கம் மாங்கன்று ஒட்டுக் கட்டுபவர்களின் கத்தி நாள் முழுக்க விரிந்து மடங்குகிறது. மாம்பால் அலகில் வழிந்து அச்சுக்குள் இறங்குகிறது. செம்மண் தூசி அதன் மேல் ஒட்டுகிறது. கல் குவாரிகளுக்கு அருகில் இருந்தால் கிரானைட் தூளும் சேரும். கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு, அது கத்தி எஃகை விடக் கடினமானது. பிசினும் கல்தூளும் எண்ணெயும் கலந்தால் அது சாணைப் பசை. அந்தப் பசையோடு கத்தியை மடக்கி விரிக்கும் ஒவ்வொரு முறையும் அச்சாணி கொஞ்சம் தேய்கிறது.

ஆக, முதல் வேலை சுத்தம். இறுக்குவது அதற்குப் பிறகுதான். அழுக்கை எடுத்ததும் ஆட்டம் அதிகமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதுவரை பிசின் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அச்சுக்குள் என்ன இருக்கிறது

அச்சு ஒரே நேரத்தில் எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது. அலகு தடையில்லாமல் சுழல வேண்டும், பக்கவாட்டில் துளியும் அசையக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. கணக்குப் போட்டால் புரியும். வாஷரின் விட்டம் 10 மி.மீ., அலகின் நுனி அச்சிலிருந்து 80 மி.மீ. தள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாஷருக்கும் அலகுக்கும் இடையில் 0.05 மி.மீ. இடைவெளி இருந்தால் நுனியில் அது 0.4 மி.மீ. ஆட்டமாகப் பெருகும். 0.05 மி.மீ. என்பது ஒரு தலைமுடியின் தடிப்பு. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் கைக்குத் தெரிவது இதனால்தான்.

பூட்டு இல்லாமல் முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் நிற்கும் பழைய பாணிக் கத்திகள், பெரும்பாலான ஒட்டுக் கத்திகள், விக்டோரினாக்ஸ் வகைகள் எல்லாம் ரிவிட்டு வைத்தவை. இரண்டு உள்தகடுகள், நடுவில் அலகு, மூன்றையும் துளைத்துச் செல்லும் ஓர் ஆணி. ஆணியின் இரு முனைகளையும் தட்டிப் பரப்பியிருப்பார்கள். நல்ல வேலைப்பாட்டில், பிடியின் தலைப்பக்கம் உள்ள உலோகக் கட்டியில் துளையின் வாய் லேசாக அகலப்பட்டிருக்கும். தட்டும்போது ஆணியின் உலோகம் அந்த அகலத்தில் போய் நிரம்பும். பிறகு தேய்த்து மெருகிட்டால் ஆணி இருக்கும் இடமே தெரியாது. பின்னாளில் அந்த இடத்தில் வட்டமாக ஒரு கோடு தெரிய ஆரம்பித்தால், ஆணி தளர்கிறது என்று பொருள்.

அலகின் துளையை வெறும் டிரில்லால் போட்டு விட்டுவிடுவது மட்டமான வேலை. டிரில் போட்ட துளை உண்மையில் சரியான வட்டமாக இருக்காது, கொஞ்சம் பெரிதாகவும் போகும். அதனால் முதலில் சற்றுச் சிறிதாகத் துளைத்து, பிறகு துளையைச் சீவி அளவாக்கும் கருவியான ரீமரால் அளவுக்குக் கொண்டுவருவார்கள். அலகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 60 வரை கடினமாக இருக்கும். ஆணியோ பித்தளை, நிக்கல் சில்வர் அல்லது மென்மையான எஃகு. தட்டினால் பரவ வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல, தேய்வது ஆணியாக இருந்தால் மாற்றிவிடலாம். அலகின் துளை முட்டை வடிவமாகிவிட்டால் துளையைப் பெரிதாக்கித் தடித்த ஆணி போடுவதைத் தவிர வழியில்லை.

ஸ்க்ரூ வைத்த கத்திகளில் ஆணிக்குப் பதில் உட்புறம் மரை வெட்டிய ஒரு குழல் இருக்கும், மறுபக்கத்திலிருந்து ஸ்க்ரூ வந்து அதில் பூட்டும். குழலின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருந்தால் அது தகட்டின் துளையில் சுற்றாமல் உட்கார்ந்துகொள்ளும். சீவாத வட்டக் குழலாக இருந்தால் அலகு சுழலச் சுழல குழலும் சேர்ந்து சுற்றி ஸ்க்ரூவைத் தளர்த்திவிடும். அடிக்கடி தானாகவே தளரும் கத்திக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அலகின் இருபுறமும் வாஷர்கள். பாஸ்பர் வெண்கல வாஷர் நீடித்து உழைக்கும், பழகப் பழக மெருகேறும். டெஃப்லான் வாஷர் முதல் நாளிலிருந்தே வழுவழுப்பாக இருக்கும், ஆனால் அழுத்தினால் நசுங்கும். நைலான் மலிவுக் கத்திகளில் வருவது. இப்போது பலரும் விரும்புவது குண்டு பேரிங். விரலால் தொட்டாலே அலகு பறக்கும், அது உண்மை. ஆனால் ஒவ்வொரு குண்டும் ஒரு புள்ளியில் மட்டும் தொடுகிறது. அளவுக்கு மேல் இறுக்கினால், அல்லது விரித்த அலகை நெம்புகோலாகப் பயன்படுத்தினால், குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழும். அதன் பிறகு எவ்வளவு சுத்தம் செய்தாலும் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். தூசி புகுந்து தங்குவதற்கும் பேரிங்கில் இடம் அதிகம். தோட்டத்துக்கும் காட்டுக்கும் எடுத்துப் போகும் கத்திக்கு வெண்கல வாஷரே மேல். பேரிங் கத்தி ஆபீஸ் மேசையில் கவர் கிழிக்கட்டும்.

இன்னொரு வகை உண்டு. அச்சின் மேல் புஷ் எனப்படும் ஒரு சிறு உலோகக் குழல் இருக்கும். அதன் நீளம் அலகின் தடிப்பும் இரண்டு வாஷர்களின் தடிப்பும் சேர்ந்ததை விட மிமீயின் நூறில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் கூடுதல். ஸ்க்ரூவை முழுதாக இறுக்கினாலும் அழுத்தம் புஷ் மேல் போகும், அலகு தாராளமாகச் சுழலும். கிறிஸ் ரீவ் என்ற கத்தித் தயாரிப்பாளரின் செபென்சா கத்தி இந்த முறைக்குப் பேர்போனது. இந்த வகையில் ஸ்க்ரூவைத் தளர்த்தியோ முறுக்கியோ ஆட்டத்தைச் சரிசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆட்டம் இருந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது.

பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் பிறந்த ஒப்பினெல் கத்தி தனி ரகம். மரப்பிடியின் கழுத்தில் ஓர் எஃகு வளையம், அதன் குறுக்கே ஆணி. வாஷர் கிடையாது, அலகு மரத்தோடு உரசியே சுழல்கிறது. 1955இலிருந்து பூட்டு வளையமும் சேர்ந்தது. தண்ணீரில் ஊறினால் மரம் உப்பி அலகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் இழுக்காதீர்கள், எண்ணெயும் ஊற்றாதீர்கள். பூட்டு வளையத்தைத் திறந்து வைத்துவிட்டு, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் லேசாகத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். பிறகு நிழலில் ஓரிரு நாள் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும்.

கழற்ற முடியாத கத்தியைச் சுத்தம் செய்வது

ரிவிட்டு வைத்த கத்தியை உள்ளிருந்து வெளியே கழுவ வேண்டும். பிடி பிளாஸ்டிக்காகவோ உலோகமாகவோ இருந்தால் இளஞ்சூடான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்து அலகை 15, 20 முறை மெதுவாக விரித்து மடக்குங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையில் தேயுங்கள். மரம், கொம்பு, எலும்புப் பிடிகளுக்கு இது ஆகாது. அவற்றில் அச்சில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் விட வேண்டும்.

மாம்பால் தண்ணீருக்கு அசையாது. காம்பிலிருந்து வரும் அந்தப் பால் எண்ணெயும் பிசினும் கலந்தது, உலர்ந்தால் வார்னிஷ் போல ஆகிவிடும். அதற்கு ஸ்பிரிட் வேண்டும், அல்லது மண்ணெண்ணெய். அச்சின் இருபுறமும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊற வைத்து, அலகை ஆட்டுங்கள். கறுப்பாக வடிவதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி சொட்டு விடுங்கள். வடிவது தெளியும் வரை இதையே தொடர வேண்டும். மண்ணெண்ணெய் பயன்படுத்தினால் கடைசியில் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ ஒரு முறை அலச வேண்டும், இல்லாவிட்டால் வாடை அடுத்து நறுக்கும் பழத்தில் ஏறும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பிளாஸ்டிக் பிடிகளின் அருகில் கொண்டுபோகாதீர்கள். பிடி இளகிப் பாழாகும்.

நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கடைசி அலசலுக்கு அந்தத் தண்ணீரையே பயன்படுத்தினால், காய்ந்த பிறகு அச்சுக்குள் வெள்ளையாகப் படியும். படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துத் துருவைக் கூப்பிடும். ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒரு டம்ளர் போதும். பிறகு வாய் கீழே பார்க்க விரித்து வைத்து, மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் காய விடுங்கள்.

ஒட்டுக் கட்டுவோருக்கு இன்னொன்று. செடிக்குச் செடி நோய் பரவாமல் இருக்கக் கத்தியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. குளோரின் எஃகில் ஊசிக்குத்து போலத் துரு பிடிக்க வைக்கும், பித்தளை ஆணியையும் அரிக்கும். அந்தச் சேதம் வெளியே தெரியாமல் துளைக்குள் நடக்கும். 70 சதவீத ஸ்பிரிட்டில் அலகைத் துடைப்பது போதும். அச்சு நனைந்தால் மாலையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள், ஏனெனில் ஸ்பிரிட் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

எண்ணெய்

ஒரு பக்கத்துக்கு ஒரு சொட்டு. ஊசி பொருத்திய சிரிஞ்சில் எடுத்தால் அளவு தப்பாது. விட்டபின் பத்து முறை விரித்து மடக்கி, வெளியே கசிந்ததைத் துடைத்துவிட வேண்டும். வெளியே ஈரமாகத் தெரியும் எண்ணெய் தூசியைப் பிடிப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

தையல் மிஷின் எண்ணெய் நன்றாக உழைக்கும். பழம், காய் நறுக்கும் கத்தி என்றால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் வாங்குங்கள். அது சுத்தமான கனிம எண்ணெய், வாயில் போனாலும் பயமில்லை. வீட்டில் கைக்கு எட்டுகிறது என்று தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் விடுவதுதான் அச்சுக்குச் செய்யும் பெரிய கெடுதல். நல்லெண்ணெய் காற்றுபட்டுத் தடித்துப் பிசினாகும், தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். விளக்கெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது, ஆனால் கெட்டியானது என்பதால் செம்மண்ணை அள்ளிக்கொள்ளும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலில் கரியும் உலோகத் தூளும் இருக்கின்றன. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லது, ஆனால் சீக்கிரம் ஆவியாகிப் போகும். அதை அடித்துவிட்டு எண்ணெய் விட்டாயிற்று என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

பக்கத்தகடே வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்கிப் பூட்டும் கத்திகளில், அந்தத் தகடு அலகைத் தொடும் முகத்தில் எண்ணெய் படக் கூடாது. வழுக்கினால் பூட்டு விலகி அலகு விரல் மேல் மடங்கும்.

ஸ்க்ரூ வைத்த கத்தியைக் கழற்றுவது

கூரின் மேல் முதலில் இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். அடியில் வெள்ளைத் துண்டு விரியுங்கள். கீழே விழும் சின்ன ஸ்க்ரூவும் குண்டும் அதில் தெரியும். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உத்தரவாதம் இருக்கும் கத்தி என்றால், கழற்றினால் அது செல்லுமா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த ஸ்க்ரூக்கள் ஆறுமுக நட்சத்திரத் தலை கொண்டவை. உடலில் பெரும்பாலும் டி6 அளவு, அச்சில் டி8 அல்லது டி10. மொபைல் ரிப்பேர் செட்டில் வரும் மலிவு பிட்டுகளின் முனை மழுங்கியிருக்கும், ஒரே திருப்பில் தலை வழுக்கிப் போகும். நல்ல பிட்டை நேராக நிறுத்தி, உடல் எடையால் அழுத்திய பிறகே திருப்புங்கள். அச்சு ஸ்க்ரூவை முதலில் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் உடல் ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். உடல் கழன்றபின் அச்சைத் திருப்ப முயன்றால் பிடிக்க உறுதியான இடம் இருக்காது.

அசையவில்லையா? ஸ்க்ரூ தளராமல் இருக்கக் கம்பெனியில் மரையில் ஒட்டும் மரைப்பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் அரை நிமிடம் வைத்து, சூடு ஆறும் முன் திருப்புங்கள். இளகவில்லை என்றால் இன்னொரு முறை. ஒரேயடியாக நிமிடக்கணக்கில் வைத்தால் உள்ளே நைலான் வாஷர் இளகிவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்து சுற்றினால் மறுபக்கத் தலையில் இன்னொரு பிட் வையுங்கள். மறுபக்கத்தில் தலைக்குழி இல்லை என்றால் அலகைப் பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்திப் பிடித்துத் திருப்பலாம்.

வெண்கல வாஷரில் கோடுகள் விழுந்திருந்தால், கண்ணாடித் துண்டின் மேல் 2000 எண் நீர் உப்புத்தாள் வைத்து, விரலால் சமமாக அழுத்தி எட்டு வடிவில் சில முறை தேயுங்கள். மேடுகள் போனால் போதும், கோடுகள் முழுக்க மறைய வேண்டியதில்லை. ஒரு பக்க வாஷரை மட்டும் மெலிதாக்கிவிட்டால் அலகு மடங்கும்போது நடுவில் நிற்காமல் ஒரு தகட்டை உரசும். டெஃப்லான் வாஷரை ஸ்பிரிட் துணியால் துடைத்தால் மட்டும் போதும்.

பூட்டும்போது வாஷர்களை ஒரு துளி எண்ணெயால் தகட்டில் ஒட்ட வைத்தால் நழுவாது. உடல் ஸ்க்ரூக்களை மேலோட்டமாக ஓட்டிவிட்டு, அச்சு ஸ்க்ரூவை ஆட்டம் முழுக்கப் போகும் வரை இறுக்குங்கள். பிறகு எட்டில் ஒரு சுற்றாகப் பின்னே வாருங்கள். எம்3, அதாவது 3 மி.மீ. ஸ்க்ரூ மரையின் இடைவெளி 0.5 மி.மீ., எட்டில் ஒரு சுற்று என்றால் 0.06 மி.மீ. மேலே சொன்ன அதே தலைமுடித் தடிப்பு. கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்புபவர்களுக்குச் சரியான இடம் அகப்படவே அகப்படாது. அலகு ஆடாமலும் தடையில்லாமலும் இருக்கும் இடம் கிடைத்ததும் உடல் ஸ்க்ரூக்களை இறுக்கி, மறுபடி ஒரு முறை சோதியுங்கள். உடலை இறுக்கும்போது அச்சும் சற்று மாறும்.

இறுக்கம் நிலைக்காமல் மறுநாளே தளர்ந்தால் மரைப்பசை தேவை. இவ்வளவு சிறிய ஸ்க்ரூவுக்கு ஊதா நிற லாக்டைட் 222 பொருத்தம், நீல நிற 243 கொஞ்சம் கூடுதல் பிடி. சிவப்பு வேண்டவே வேண்டாம். மரையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, குண்டூசித் தலை அளவு பசையை ஸ்க்ரூவின் நுனி மரையில் மட்டும் தொடுங்கள். கூடுதலாக விட்டால் குழலுக்கு வெளியே வழிந்து அலகையே ஒட்டிவிடும். சரியான இறுக்கத்தில் நிறுத்தி 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள்.

மேல்கீழ் ஆட்டத்துக்கு இவை எதுவும் உதவாது. பூட்டுக் கத்தியில் அது பெரும்பாலும் பூட்டு முகத்தின் தேய்மானம். ஸ்பிரிங் கத்தியில் ஆணியோ துளையோ தேய்ந்திருக்கிறது.

தளர்ந்த ரிவிட்டு

பக்கவாட்டில் ஆடும் ரிவிட்டைத் தட்டி இறுக்கலாம். ஆனால் பழைய ஸ்பிரிங் கத்தியில் மிக லேசான ஆட்டம் சகஜம், அதை விட்டுவிடுவது புத்திசாலித்தனம். தட்டியே ஆக வேண்டும் என்றால், டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்கும், மெல்லிய எஃகு இதழ்கள் கொண்ட ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. இதழை அலகுக்கும் தகட்டுக்கும் இடையில், ஆணியை ஒட்டிச் செருகி வையுங்கள். ஒரு பக்கத்து ரிவிட்டுத் தலையைப் பட்டறைக் கல்லின் மேல் உறுதியாக உட்கார வைத்து, மறுபக்கத் தலையின் ஓரத்தைச் சுற்றிலும் 100 முதல் 200 கிராம் உருண்டைமுகச் சுத்தியால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். நடுவில் அடித்தால் ஆணி உள்ளே பருத்து அலகைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று தட்டுக்கு ஒரு முறை இதழை உருவிவிட்டு அலகை ஆட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கம் கூடிப்போனால் திரும்பி வருவது கடினம், மெட்டல் பாலிஷ் விட்டு நூறு முறை மடக்கி விரித்துப் பார்ப்பதுதான் மிச்ச வழி. பாலிஷை வேலை முடிந்ததும் முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும், அதுவும் சாணைப் பசைதான்.

ஆணியே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ரிவிட்டுத் தலையின் மையத்தில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் புள்ளி வைத்து, ஆணியை விட மெல்லிய டிரில்லால் தலையை மட்டும் துளைத்து, பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்து ஆணியைத் தட்டி வெளியேற்றுங்கள். அலகு வெளியே வந்ததும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், ஆனால் பின்னாலுள்ள ஸ்பிரிங் ஆணிகளைத் தொட வேண்டாம். புதிய ஆணிக்குத் தேவையான 2.5 அல்லது 3 மி.மீ. பித்தளைக் கம்பியும், அந்த அளவு ரீமரும் ஓசூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள டூல்ஸ் கடைகளில் கேட்கலாம். துளை முட்டை வடிவமாக இருந்தால் அடுத்த அளவுக்கு ரீமர் போட வேண்டும். அலகு கடினமாக இருப்பதால் சாதாரண ரீமர் மழுங்கும், கார்பைடு ரீமர் வைத்திருக்கும் லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். அங்கேயும் அலகு சூடாகாமல் இருக்க வேண்டும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று பொருள்.

கம்பி துளையில் கையால் அழுத்தினால் போக வேண்டும், தானாக விழக் கூடாது. இரு பக்கமும் ஆணியின் விட்டத்தில் பாதி, அதாவது 1.2 முதல் 1.5 மி.மீ. வெளியே நீட்டிவிட்டு வெட்டுங்கள். நீட்டம் குறைந்தால் அகலப்பட்ட வாயை நிரப்ப உலோகம் போதாது, கூடினால் ஆணி வளையும். ஸ்பிரிங்கை வெல்ல அலகை அமுக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டியிருக்கும். முதலில் மழுங்கிய தற்காலிக ஆணி ஒன்றைச் செருகி வழி திறந்து, அதைப் புதிய ஆணியால் தள்ளிக்கொண்டே வெளியேற்றினால் வேலை சுலபம். இருபுறமும் மாறி மாறித் தட்டி, தலை நிரம்பியதும் அரத்தால் சமப்படுத்தி, 400, 800, 1500 என்று உப்புத்தாள் போடுங்கள். தேய்த்த தூள் முழுக்க அச்சுக்குள் இறங்கியிருக்கும். மண்ணெண்ணெயில் அலசி, ஸ்பிரிட்டில் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்ட பிறகே கூர் தீட்டுங்கள். நீர்க்கல்லில் தீட்டும்போதும் அச்சின் மேல் ஒரு டேப் ஒட்டி வையுங்கள், கல்லிலிருந்து வரும் சேறு அதே வழியாகத்தான் உள்ளே போகும்.